ஹாலிவுட்டின் சிறுசெலவுத் துப்பறியும் படங்கள்: அந்த இருட்டு கலையா, சிக்கனமா?

வெட்டாறு (திருவாரூர்):
எங்கள் வாசகர் வட்டத்தில் மாதந்தோறும் ஒரு பழைய படத்தைத் திரையிட்டுப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்திற்கு, ஹாலிவுட்டில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படமொன்றை வைப்பதாக முடிவாகியிருக்கிறது. நான் பார்த்தவரையில் அவை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுகின்றன. பாதிக் கதை இருட்டிலேயே நடக்கிறது. அந்த இருட்டு திட்டமிட்டுச் செய்ததா, அல்லது செட் போடப் பணமில்லாததை மறைக்கவா? எதைத் திரையிடலாம்?

அரசலாறு (கும்பகோணம்):
நீளத்துக்குக் காரணம் வியாபாரக் கணக்கு. ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்களைக் காட்டுவது அங்கே அப்போது வழக்கமாக இருந்தது. முதன்மைப் படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. துணைப் படத்துக்கோ பெரும்பாலும் நிலையான வாடகைதான். கூட்டம் அலைமோதினாலும் அந்த வாடகை ஏறாது என்பதால், மொனோகிராம், பி.ஆர்.சி. போன்ற சிறு நிறுவனங்கள் செலவைக் குறைத்தே லாபம் பார்க்க வேண்டியிருந்தது.

இருட்டைப் பொறுத்தவரை, பி.ஆர்.சி.க்காக எட்கர் உல்மர் இயக்கிய 'டீடூர்' (1945) படத்தைப் பாருங்கள். நியூயார்க் தெருவில் காதலர் நடந்துபோகும் காட்சி ஏறக்குறைய முழுவதும் பனிமூட்டம்தான். அங்கே தெருவே இல்லை என்பதை அது மறைத்துவிடுகிறது. நாயகன் வழிப்போக்கனாக வண்டியேறும் சில காட்சிகளில் பிலிமை இடவலமாகத் திருப்பியிருப்பதால், கார்கள் சாலையின் இடப்பக்கம் ஓட, ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருப்பார். அமெரிக்கர் கண்ணை உறுத்தும் இந்தக் கோளாறு, நம் ஊர்ச் சாலைகளில் போய்வருகிறவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும்!

குடமுருட்டி (பாபநாசம்):
அரசலாறு ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். பணமில்லாமையே இருட்டைத் தந்தது என்றால், 1944 முதல் மொனோகிராம் எடுத்த சார்லி சான் படங்களும் அழகாக இருந்திருக்க வேண்டுமல்லவா? அவற்றில் வெளிச்சம் தட்டையாக விழுகிறது, கதை நகர மறுக்கிறது. போதாக்குறைக்குச் சீனத் துப்பறிவாளராக சிட்னி டோலர் என்ற வெள்ளைக்காரரே வேடம் கட்டுகிறார். 64 நிமிடமே ஓடும் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃப்ளோர்' (1940) படத்தின் கனவுக் காட்சியிலோ, ஒளிப்பதிவாளர் நிகோலஸ் முசுராகா பெரும்பாலும் நிழல்களைக் கொண்டே சிறையையும் நீதிமன்றத்தையும் எழுப்பிவிடுகிறார். குறைந்த விளக்குகளை இடமறிந்து வைப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

திரையிட என் தேர்வு, ரிச்சர்ட் ஃப்ளைஷரின் 'த நேரோ மார்ஜின்' (1952). இறந்துபோன தாதா ஒருவரின் மனைவியைச் சாட்சி சொல்வதற்காக ஒரு துப்பறிவாளர் ரயிலில் அழைத்துப்போகும் கதை அது. பெட்டிகளின் செட்டைத் தரையோடு பொருத்திவிட்டுக் கேமராவைக் கையில் பிடித்து ஆட்டியே ரயிலின் ஓட்டத்தைக் காட்டினார்கள். பின்னணி இசைக்குப் பதிலாக ரயிலின் சத்தத்தையே பயன்படுத்தினார்கள். ஒடுங்கிய நடைவழியில் ஒரு பருத்த மனிதர் எதிரே வர, துப்பறிவாளர் கடந்துபோக முடியாமல் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே இடநெருக்கடியே கதைக்கு வேண்டிய பதற்றத்தைத் தந்துவிடுகிறது.

வெட்டாறு (திருவாரூர்):
இருவருக்கும் நன்றி. ரயில் படத்தையே வைத்துக்கொள்கிறோம். எங்கள் கூடத்தின் மேற்கு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லாததால், பகலில் போட்டால் நிழலெல்லாம் வெளுத்துப்போகும்; ஆகவே மாலை ஏழு மணிக்குத்தான் தொடங்குவோம். தமிழில் வசன வரிகள் கிடைக்காவிட்டால் கதைச்சுருக்கத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம். ரயிலில் இருப்பவர்களில் யார் யார் என்பதை மட்டும் அதில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.