சின்ன நாயையும் பூனையையும் எப்படிப் பழக்குவது?

வெள்ளவத்தையில் சின்ன ஃபிளாட். எங்களிடம் இரண்டு நாய்கள். வெளிநாடு போன பெரியம்மாவின் பூனையும் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய நாய் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. சின்னவன்தான் பிரச்சினை. குரைத்தால்கூடப் பரவாயில்லை, உடம்பை விறைத்துக்கொண்டு கண் வெட்டாமல் பார்ப்பான், பூனை ஓடினால் பாய்ந்துவிடுவான். பூனை மலசலம் கழிக்கிற மணல் தட்டு இருக்கும் பாத்ரூம் வாசலிலேயே படுத்துக்கிடப்பதால், பூனை குசினி அலுமாரியின் மேலிருந்து இறங்குவதில்லை. சாப்பாடும் அங்கேதான்.

பூனை படுத்த துணியை மோந்து பார்க்கக் கொடுக்கிறோம். சின்னவனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டுதான் கிட்ட விடுகிறோம். சரி, அப்புறம் என்ன செய்யலாம்? கொழும்பில் வீட்டுக்கே வந்து நாய் பழக்குகிறவர்கள் யாரையாவது தெரியுமா? பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். பெரியம்மா தினமும் வீடியோ கோலில் அதைத்தான் முதலில் கேட்கிறார்.