வேலை விண்ணப்பம்: நாளைதான் கடைசித் தேதி!

புதுவரவு:
வணக்கம். இங்கே வந்ததிலிருந்து விண்ணப்பம் போட்டபடியே இருக்கிறேன், நேர்காணலுக்கு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. கையிருப்பு கரைகிறது. ரெஸ்யூமே நான்கு பக்கம். போட்டோ வைக்கணுமா? கவர் லெட்டரை யாராவது படிப்பார்களா? நாளை ராத்திரிக்குள் ஒன்று அனுப்பியாக வேண்டும்.

பழையபெட்டி:
போட்டோ கிடக்கட்டும் தம்பி. ஆள் பழக்கம் இருந்தால்தான் வேலை. நான் வந்த புதிதில் கிடங்கில் விடிய விடிய பெட்டி அடுக்கினேன். எம்.எஸ்ஸி. படித்தவன் என்று அங்கே யாருக்குத் தெரியும்? கூட அடுக்கியவர் சிபாரிசு செய்துதான் ஆபீஸ் வேலை கிடைத்தது.

ரைன்கரை:
போட்டோ வையுங்கள். ஜெர்மனியில் 2006 சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயமில்லை, ஆனாலும் நிறையப் பேர் வைக்கிறார்கள். பட்டம், அனுபவச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒரே பிடிஎஃப்.

அணில்வால்:
ஐயோ, வைக்காதீர்கள்! பிரிட்டன், அமெரிக்கா, கனடா எங்கேயும் வழக்கமில்லை. பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணம் ஆனதா, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் தூக்குங்கள். சான்றிதழ் அவர்கள் கேட்டால் போதும்.

கடுப்பில்ஒருவன்:
என்ன எழுதினாலும் 'உள்ளூர் அனுபவம் இல்லை' என்பார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

பழையபெட்டி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்கள் காலத்தில் இன்னும் மோசம்.

அணில்வால்:
கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று போடக் கூடாது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது சட்டம்.

கடுப்பில்ஒருவன்:
விளம்பரத்தில் போட மாட்டார்கள், மனசில் வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கக்கா:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். எந்த நாடு, என்ன வேலை, என்ன விசா? கேட்டவர் எதையுமே சொல்லவில்லையே!

புதுவரவு:
மன்னிக்கணும் அக்கா. கனடா, டொரன்டோ. அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலை, அதாவது சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் கணக்கு. பி.காம். முடித்தவன். மனைவி வழியாக ஓப்பன் வொர்க் பெர்மிட், ஒரே முதலாளியிடம்தான் என்ற கட்டு இல்லாத வேலை அனுமதி.

கணக்கக்கா:
சரி, இன்றைக்கு ராத்திரி உட்காருங்கள். இரண்டு பக்கத்துக்குக் குறையுங்கள். விளம்பரத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் உள்ள சொற்களில் நீங்கள் உண்மையிலேயே செய்ததை மட்டும் எடுத்து எழுதுங்கள். 'கணக்குகளைக் கவனித்தேன்' என்றால் ஒன்றும் புரியாது. மாதத்துக்கு எத்தனை இன்வாய்ஸ், எத்தனை சப்ளையர், மாத முடிவில் எதைச் சரிபார்த்தீர்கள் என்று போடுங்கள். பழைய கம்பெனி இவர்களுக்குத் தெரியாது, என்ன தொழில், எவ்வளவு பெரியது என்று அரை வரி போதும். கட்டம், இரட்டைப் பத்தி வேண்டாம், ரெஸ்யூமேயைப் படிக்கும் சில மென்பொருள் குழப்பிவிடும். வொர்க் பெர்மிட்டை ஒரு வரியில் சொல்லுங்கள். சின் நம்பரை (கனடாவின் சமூகக் காப்பீட்டு எண்) மட்டும் எழுதவே கூடாது, அது வேலைக்கு எடுத்த பிறகு கொடுப்பது. கவர் லெட்டர் அரைப் பக்கம், இந்த வேலைக்கென்றே எழுதியதாக இருக்கணும். பட்டத்தை வெஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம்) மூலம் மதிப்பிடுவது நாளைக்குள் நடக்காது, அதை அப்புறம் பாருங்கள்.

புதுவரவு:
டாலி என்ற கணக்கு மென்பொருளில்தான் வேலை பார்த்தேன். இங்கே குவிக்புக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைக் கேட்கிறார்கள். டாலியை எடுத்துவிடட்டுமா?

கணக்கக்கா:
எடுக்காதீர்கள். அதன் பக்கத்தில் 'கணக்கு மென்பொருள்' என்று சேர்த்து எழுதுங்கள். குவிக்புக்ஸ் தெரியும் என்று பொய் வேண்டாம். இலவசச் சோதனைப் பதிப்பு கிடைக்கும், நாலு இன்வாய்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு 'பழகிவருகிறேன்' என்று எழுதுங்கள். விளம்பரத்தையும் முதல் பக்கத்தையும் இங்கே ஒட்டுங்கள், பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு.