விபத்து நடந்து நாலு மாசம் ஆச்சு, எஃப்.ஐ.ஆரே இல்லை. இனி நஷ்டஈடு மனு போட முடியுமா?

ரப்பர்_தோட்டம்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு விவரம் வேணும். எங்க அத்தானுக்கு வயசு 38, ரப்பர் பால்வெட்டு வேலை. விடியக்காலை பைக்கில் தோட்டத்துக்குப் போகும்போது, குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் கேரளப் பதிவு கார் ஒன்று பின்னாலிருந்து இடித்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. காரில் வந்தவரே திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து 25,000 ரூபாய் கட்டினார். "கேஸ் வேண்டாம், மீதியை நானே பார்த்துக்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இப்போது போனை எடுப்பதில்லை. நடந்து 4 மாதம் 10 நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிப் பதிவில் "பைக்கிலிருந்து விழுந்தார்" என்றுதான் இருக்கிறது. சிகிச்சை முழுக்க முடிந்த பிறகு மனு போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். சரிதானா?

கோர்ட்_வாசல்:
சரியில்லை. அந்த ஆலோசனையால்தான் நம்ம பக்கம் பாதி கேஸ் பலவீனமாகுது.

மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-ன்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த இந்த விதி 1-4-2022 முதல் நடைமுறையில் இருக்கு. அதை எதிர்த்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது: காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது. ஆனால் அது இடைக்கால உத்தரவுதான். அதைக் காட்டி "டைம் இருக்கு" என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. உங்களுக்கு இன்னும் 50 நாள் இருக்கு, அதுக்குள்ளே முடிங்க.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டாங்க. வட்டி மனு போட்ட தேதியிலிருந்துதான் ஓடும், விபத்து நடந்த தேதியிலிருந்து அல்ல. 9 லட்சம் தீர்ப்பாகி 7.5 சதவீத வட்டி கிடைத்தால் மாதத்துக்கு 5,625 ரூபாய். ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் 67,500 ரூபாயை நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி. சிகிச்சை முடியவில்லை என்றாலும் மனு போடலாம். பிறகு சேரும் பில்களைச் சேர்க்கவும், கேட்ட தொகையைத் திருத்தவும் வழி இருக்கு.

இப்ப செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

முதலில் போலீஸ். அத்தான் பெயரில் எழுத்துமூலமான புகார். இடம், நேரம், காரின் எண், எந்தப் பக்கமிருந்து எப்படி இடித்தது எல்லாம் வேணும். தாமதத்துக்கான காரணத்தை அதே புகாரில் எழுதணும்: ஆபரேஷன், படுக்கை, "நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லி இழுத்தடித்தது. நியாயமான காரணம் இருந்தால் எஃப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியாச்சு. "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ன்படி எல்லை பார்க்காமல் தகவலைப் பதிய வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்க. அப்பவும் வாங்கலையென்றால் நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், அதன் பிறகு மாஜிஸ்ட்ரேட். சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான அத்தாட்சி) வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீங்க.

எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 281-உடன் (தாறுமாறாக ஓட்டியது) 125(பி) (கொடுங்காயம்) இருக்கிறதா என்று பாருங்க. எலும்பு முறிவு கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்கான 125(ஏ) மட்டும் போட்டிருந்தால் எக்ஸ்ரே அறிக்கையைக் கொடுத்து மாற்றச் சொல்லணும்.

அடுத்து இன்சூரன்ஸ். எம்பரிவாகன் என்ற அரசு வாகன ஆப்பில் கார் எண்ணைப் போட்டால் வரும். இங்கேதான் பலரும் தப்பு பண்ணுறாங்க: ஆப் காட்டுவது இன்றைய பாலிசி. நமக்கு வேண்டியது விபத்து அன்று உயிரோடிருந்த பாலிசி. நடுவில் புதுப்பித்து கம்பெனி மாறியிருந்தால், தப்பான கம்பெனியை எதிர்மனுதாரராகப் போட்டு, அவங்க "எங்க பாலிசி இல்லை" என்று பதில் போட்டு, மாதக்கணக்கில் இழுக்கும். பாலிசி தொடங்கிய தேதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்க.

கையெழுத்துப் போட்ட தாள் மனு போடுவதைத் தடுக்காது. ஆனால் குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டுவது அதைத்தான். 25,000 வாங்கியதையும் கையெழுத்துப் போட்டதையும் நீங்களே மனுவில் எழுதிவிடுங்க. மறைத்து மாட்டினால், உண்மையாகச் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டாங்க.

ஆரல்_காற்று:
"பைக்கிலிருந்து விழுந்தார்" என்ற வரியைப் பற்றி. இந்தக் கேஸில் எனக்குப் பெரிய தலைவலியாகத் தெரிவது அதுதான், ஆறு மாதம்கூட அடுத்தபடிதான்.

கேஷுவல்டியில் கூட வந்த ஆள் என்ன சொல்கிறாரோ அதைத்தான் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் எழுதுவார்கள். இங்கே கூட வந்தது இடித்த காரின் ஆள். "கார் மோதியது" என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்? இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு "தானாக விழுந்தவருக்கு எங்கள் கம்பெனி ஏன் கொடுக்க வேண்டும்" என்பார். டாக்டர் அதை இப்போது திருத்த மாட்டார், திருத்தச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம்.

உள்நோயாளி கேஸ் ஷீட் முழுவதற்கும் எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. வார்டுக்குப் போன பிறகு எலும்பு டாக்டரோ மயக்க டாக்டரோ நோயாளியிடமே கேட்டு எழுதிய குறிப்பு உள்ளே இருக்கும், அதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். மருத்துவ கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுதான் வைத்திருக்கக் கட்டாயம். அட்வான்ஸ் 25,000 கட்டிய ரசீது யார் பேரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கார்க்காரர் பேரிலோ அவர் போனிலிருந்து போன பணமாகவோ இருந்தால், சம்பந்தமே இல்லாத ஆள் அன்று காலை எதற்குக் கட்டினார் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டு உங்களுக்குச் சாட்சி.

சிசிடிவி இந்நேரம் அழிந்திருக்கும். பெரும்பாலான கடைக் கேமராக்களில் 15 முதல் 30 நாளுக்குள் பழையதன் மேல் புதிது பதிந்துவிடும். இதைப் படிக்கிற மற்றவர்கள் மனதில் வையுங்கள்: முதல் வாரமே, எந்தக் கடை, எந்த நேரம் என்று குறிப்பிட்டு போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை பைக்கை ஒர்க்ஷாப்பில் விடவே கூடாது. உங்கள் பைக்கை இன்னும் ரிப்பேர் செய்யவில்லை என்றால் அப்படியே நிறுத்துங்கள். பின் மட்கார்டு நசுங்கி உள்ளே போயிருந்தால், தானாகச் சறுக்கி விழுந்த வண்டிக்கு அது எப்படி வரும்?

ரப்பர்_தோட்டம்:
பைக் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் மூடி அப்படியே நிற்குது. பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் உடைந்து தொங்குது. ரசீது கார்க்காரர் பேரில்தான். விபத்து நடந்தது இங்கே, கார்க்காரர் ஊர் நெய்யாற்றின்கரை. அங்கே போய் மனு போடணுமா? ஹெல்மெட்டும் போடலை.

கோர்ட்_வாசல்:
வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்க குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், மூன்றில் எதுவும் உங்க விருப்பம். வீட்டு முகவரியைப் பொறுத்து குழித்துறையோ பத்மநாபபுரமோ நாகர்கோவிலோ. மலையாளத்தில் ஏதாவது போலீஸ் தாள் வந்தால் மொழிபெயர்ப்பு சேர்க்கணும், அதுக்கும் நாள் பிடிக்கும்.

ஹெல்மெட் வாதம் தலைக் காயத்துக்குத்தான். முறிந்தது மணிக்கட்டு, பயப்படாதீங்க.

தோவாளை_மல்லி:
தொகை பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் இது.

மருத்துவக் குழு கொடுக்கும் ஊன சதவீதம் வேறு, வேலை செய்யும் திறன் இழப்பு வேறு. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்தது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை என்றால் மேசை வேலைக்காரருக்குச் சின்ன இழப்பு. பால்வெட்டுக்காரர் கதையே வேறு. கத்தியை அழுத்திக்கொண்டே பட்டையை மெல்லிய சீவலாக இழுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம், ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு அந்தத் திருப்பம் வேண்டும். சாட்சி சொல்லும்போது இதை விளக்காமல் "வேலை செய்ய முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

உதாரணக் கணக்கு: மாத வருமானம் 15,000 என்று ஏற்றால், 40 வயதுக்குள் சொந்த உழைப்பாளிக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கி (ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண்) 15. திறன் இழப்பு 25 சதவீதம் என்று முடிவானால் 21,000 × 12 × 15 × 25% = 9,45,000. வைத்தியச் செலவு, வலி வேதனை, கூட இருந்தவர் செலவு, பிளேட் எடுக்கும் அடுத்த ஆபரேஷன் எல்லாம் தனி.

சம்பளச் சீட்டு இருக்காது. தோட்டக்காரரிடம் கடிதம் வாங்கினால் மட்டும் போதாது, அவர் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். இப்போதே கேட்டு வையுங்கள். நலவாரிய அட்டை, பாஸ்புக் வரவு இருந்தால் சேருங்கள். ஊனச் சான்றுக்கு எலும்பு கூடிய பிறகுதான் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவக் குழுவுக்கு கோர்ட் மூலமாகவே அனுப்புவார்கள், அதற்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

லோக் அதாலத்தில் (சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) சீக்கிரம் முடியும். ஆனால் அதற்கு அப்பீல் கிடையாது. ஊனச் சான்று கைக்கு வராமல் அங்கே தலையாட்ட வேண்டாம்.

கோர்ட்_வாசல்:
சதவீதக் கமிஷன் பேசிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்து நீட்டுறவங்களிடம் கையெழுத்துப் போடாதீங்க. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். செலவுக்கு வழியில்லையென்றால் நாகர்கோவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்க, இலவச சட்ட உதவி எண் 15100.

ரப்பர்_தோட்டம்:
நாளைக் காலையில் புகாரோடு போறோம். இப்பதான் கவரைப் பிரித்தேன். மருந்து பில் 11 இருக்கு, அதில் நாலு வெள்ளைத் தாளாயிட்டு. எழுத்தே தெரியலை.

ஆரல்_காற்று:
தெர்மல் தாள், வெயிலும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் வெளுத்துவிடும். மீதி ஏழையும் இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். வெளுத்த நாலையும் தூக்கிப் போடாமல் எந்தக் கடை, எந்த நாள் என்று பென்சிலில் எழுதுங்கள். டாக்டர் சீட்டோடு அந்தக் கடைக்குப் போனால் கம்ப்யூட்டரிலிருந்து மறுபிரதி எடுத்து சீல் போட்டுத் தருவார்கள்.