புதுப்பிப்பு: 'எடி ஃபாஸ்டர்' பாட்டு கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. வடக்கு இங்கிலாந்தின் பழைய நடன அரங்கான விகன் கசீனோ காலத்துக் கேசட்டில் 'எடி ஃபாஸ்டர்' என்று எழுதியிருந்த பாட்டு எது என்று கேட்டிருந்தேன். "பெயரை விடுங்கள், பல்லவியை வைத்துத் தேடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

பாடியவர் ஃபிராங்க் வில்சன். பாட்டு 'டூ ஐ லவ் யூ'. 1965இல் மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் 'சோல்' லேபிளுக்காக (துணை வெளியீட்டுப் பெயர்) அச்சாகி, வெளியாகாமலே போனது. போட்டி டிஜேக்கள் தேடிப் பிடித்துவிடாமலிருக்க, வடக்கு இங்கிலாந்து நடன அரங்குகளில் இசைத்தட்டின் மேல் பொய்ப்பெயர் ஒட்டுவது வழக்கமாக இருந்ததாம்; அப்படி ஒட்டிய பெயர்தான் 'எடி ஃபாஸ்டர்'. நல்ல தந்திரம்தான்!

எதிர்பாராத சிக்கல்: எடி ஃபாஸ்டர் என்று நிஜமாகவே ஒரு சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாடகர் உண்டு. அவர் பெயரில் தேடினால் வேறு பாட்டுகள்தான் வரும்.

அப்புறம் விலை. அசல் தட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. வாங்க நினைப்பவர்கள் 1979 பிரிட்டிஷ் மறுபதிப்பைத் தேடுங்கள்.