பல்லாவரம் பக்கத்துக் குவாரிச் சுவரில் முதலில் ஏறியது யார்?

மேடவாக்கம்_மணி:
நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு காலையில் பல்லாவரம் பக்கம் ஒரு பழைய குவாரிச் சுவரில் கயிறு கட்டி ஏறிப் பழகுகிறோம். நாற்பது அடி உயரம் இருக்கும். ஹம்பி, பாதாமி, ராமநகரம் போன்ற பாறை ஏறும் இடங்களைப் பற்றியெல்லாம் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்தச் சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலிருந்து கீழாக, விரல் பதியும் அளவில் அரைவட்டப் பள்ளங்கள் ஓடுகின்றன. முன்பு ஏறியவர்கள் பிடிமானத்துக்காகச் செதுக்கியதா?

பம்மல்_பெரியவர்:
தம்பி, அது தமர். வெடி மருந்து வைக்கத் துளைத்தது. வெடித்ததும் முன்பக்கப் பாறை போய்விடும். துளையில் பாதி மட்டும் சுவரில் நிற்கும், நெடுக்கில் பிளந்த மூங்கில் மாதிரி.

என் அப்பா அந்த வேலைதான் செய்தார். உச்சியில் கடப்பாரையை அடித்து இறக்கி, கயிற்றை அதில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்குவார். வெடி போட்ட பிறகு ஆடிக்கொண்டிருக்கும் கல்லை நெம்பித் தள்ள வேண்டும். செருப்புகூடக் கிடையாது, வெறுங்கால்தான் பாறையில் நிற்கும் என்பார். ஏறுவதற்கென்றே காசு கொடுத்து ஷூ வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஒருமுறை தோள் எலும்பு விலகிவிட்டது. அன்றைய கூலியோடு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அவர் சொன்ன ஒன்று உங்களுக்கும் உதவும். கல்லைத் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறது. 'பொத்'தென்றால் பின்னால் வெடிப்பு ஓடியிருக்கிறது, கை வைக்காதீர்கள். அப்புறம், கீழே கயிறு பிடிப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

கல்_பைத்தியம்:
பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கல் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். பரங்கிமலையில் இருப்பதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். பாதாமி மணற்கல் போல இதில் அடுக்கடுக்கான படுகைகள் கிடையாது. தானாகத் தேய்ந்தால் உருண்டு வழுவழுப்பாகிவிடும். ஆகவே நீங்கள் பிடித்து ஏறும் கூர்விளிம்பு எல்லாமே வெடி கொடுத்தது. நல்ல பிடி, மோசமான பிடி இரண்டும் அதன் வேலைதான்.

(1863-இல் புவியியலாளர் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவி கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். அது வேறு கல், குவார்ட்சைட். சும்மா சொன்னேன்.)

மேடவாக்கம்_மணி:
ஐயா, நேற்று தட்டிப் பார்த்தோம். 'அலமாரி' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பெரிய பிடி, வாராவாரம் ஐந்து பேரும் தொங்குகிற பிடி, பொத்தென்றது. அந்தப் பக்கம் ஏறுவதை நிறுத்திவிட்டோம். அப்பாவிடம் இன்னும் கேட்க முடியுமா?

பம்மல்_பெரியவர்:
அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கூட வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், வெடிச்சத்தம்தான் காரணம். ஞாயிறு அவரைக் கூட்டி வருகிறேன். ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.