இமோலாவில் இறந்த இருவர்: ஒருவருக்கு மட்டும் ஏன் இத்தனை பக்தி?

கேள்வி (எழுதியவர்: நெடுந்தடம்)

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக என் மனத்தை உறுத்தும் ஒன்றைக் கேட்கிறேன். 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா பந்தயத் தடத்தில், தம்புரெல்லோ வளைவில் கார் சுவரில் மோதி, பிரேசிலின் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா இறந்தார். அவருக்கு வயது 34. பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சாவோ பாலோவின் சாலையோரங்களில் மக்கள் லட்சக்கணக்கில் நின்று அழுதார்கள். இன்றும் அந்த வளைவின் கம்பி வேலியில் கொடிகளையும் பூக்களையும் கையால் எழுதிய கடிதங்களையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். வேலிக்கு அருகே, தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது.

அதே தடத்தில், அதற்கு முந்தைய நாள் தகுதிச் சுற்றில், ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தார். அவருக்கு வயது 33. ஃபார்முலா ஒன்னில் அதுதான் அவருக்கு முதல் ஆண்டு. ஆண்டுதோறும் மே 1 அன்று சென்னாவின் பந்தயம் ஒன்றைப் பார்க்காமல் நான் உறங்குவதில்லை. ஆனால் ராட்சன்பெர்கரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றபோது என்னால் முடியவில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. சே குவேராவைப் போன்ற புரட்சியாளர்களிடம் மக்கள் காட்டும் பற்றும் இதே வகையானதுதான் என்று தோன்றுகிறது. இளமையில் இறந்ததுதான் காரணம் என்றால் இருவருக்கும் அல்லவா அது கிடைத்திருக்க வேண்டும்? மரணத்தோடு வேறு எது சேரும்போது பக்தி பிறக்கிறது?

மறுமொழி 1 (எழுதியவர்: ஏட்டுச்சுவடு)

சேயைப் பொறுத்தவரை, உடலை மக்கள் கண்ணால் கண்டார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1967 அக்டோபர் 9 அன்று பொலிவியாவின் லா இகேரா சிற்றூரில், ஒரு பள்ளிக்கூட அறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 39. உடலை வாயேகிராந்தே ஊருக்குக் கொண்டுசென்று, மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியின் மேல் கிடத்திப் பார்வைக்கு வைத்தார்கள். கண்கள் திறந்தபடி இருந்தன. மார்பில் சட்டை இல்லை. தாடியும் நீண்ட முடியும் கலைந்து கிடந்தன. இறந்துவிட்டார் என்று உலகுக்கு மெய்ப்பிக்க இராணுவம் செய்த ஏற்பாடு அது. வரிசையில் வந்து பார்த்த பெண்களோ சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட கிறிஸ்துவைக் கண்டார்கள். சிலர் அவருடைய முடிக்கற்றையை வெட்டி எடுத்துக் காப்பாக வைத்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் இன்றும் அவரைப் புனித எர்னெஸ்டோ என்று அழைத்து மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள் உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு மார்க்சியர், தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்று தாமே ஐயுற்ற உழவர்களின் வீட்டுச் சுவரில் புனிதராகத் தொங்குவது என்னை ஒவ்வொரு முறையும் கலங்க வைக்கிறது.

மற்ற உலகம் கண்டது வேறொரு படத்தை. 1960 மார்ச் 5 அன்று, ஹவானா துறைமுகத்தில் வெடித்த லா கூப்ர கப்பலில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டத்தில் ஒளிப்படக் கலைஞர் அல்பெர்த்தோ கோர்தா எடுத்த சேயின் முகப்படம் அது. ஏழாண்டுகள் அது பெரும்பாலும் அவருடைய அறைச் சுவரிலேயே இருந்தது. சே இறந்த பிறகுதான் சுவரொட்டியாகி உலகம் முழுவதும் பரவியது. முகம் முன்பே தயாராக இருந்தது, மரணம் அதற்குப் பொருள் கொடுத்தது. அதன் பரவலுக்காகக் கோர்தா பணம் கேட்டதில்லை. ஆனால் ஒரு வோட்கா விளம்பரத்தில் அது வந்தபோது வழக்குத் தொடுத்து, கிடைத்த தொகையைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மறுமொழி 2 (எழுதியவர்: செங்காந்தள்)

படம் மட்டும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசியவர்கள் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும். வீசுவதற்குச் சில நாட்கள் முன்பு, பின்னால் பயன்படும் என்று எண்ணி இருவருமே படம் எடுத்துக்கொண்டார்கள். தொப்பி அணிந்த பகத் சிங்கின் படம் எல்லாருக்கும் தெரியும். அவர் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் காவல் அதிகாரியின் கொலை வழக்கில், 1931 மார்ச் 23 அன்று லாகூர் சிறையில், 23 வயதில் தூக்கிலிடப்பட்டார். தத்துக்கு ஆயுள் தண்டனை விதித்து அந்தமானுக்கு அனுப்பினார்கள். அவர் விடுதலையாகி, சுதந்திர நாட்டில் வறுமையிலும் நோயிலும் வாழ்ந்து, 1965-இல் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அதே மன்றம், அதே நாள், அதே துணிச்சல். உயிர்பிழைத்த தத்தை நாம் மறந்தோம். அவர் விருப்பப்படி அவருடைய உடலைத் தோழர்களின் நினைவிடமான ஹுசைனிவாலாவுக்குக் கொண்டுசென்று எரியூட்டினார்கள்.

லாகூர் சிறையில் பகத் சிங்கோடு தூக்கிலிடப்பட்ட ராஜகுருவும் சுகதேவும் ஏறத்தாழ அதே வயதினரே. மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம்; ஆனால் வணங்குவது ஒரு முகத்தைத்தான். பகத் சிங்கோ தாம் ஏன் நாத்திகர் என்பதைச் சிறையிலிருந்தே எழுதியவர். படத்துக்கு மாலை போடுபவர்கள் அதையும் படிக்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை.

மறுமொழி 3 (எழுதியவர்: ஈரத்தடம்)

மேலே எழுதிய இருவரின் கருத்தையும் மதிக்கிறேன். இருந்தாலும் சென்னாவின் கதையைப் படத்தாலும் மரணத்தாலும் மட்டும் விளக்கிவிட முடியாது. அந்தப் பக்தி அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. 1986-இல் உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில் பிரான்சிடம் தோற்ற மறுநாள், டெட்ராய்ட் பந்தயத்தில் வென்ற சென்னா, பார்வையாளர் ஒருவரிடமிருந்து பிரேசில் கொடியை வாங்கிக் காரில் இருந்தபடியே அசைத்துக்கொண்டு சுற்றிவந்தார். 1991-இல் சாவோ பாலோவில், கியர்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து ஆறாவது கியரிலேயே காரை இழுத்துவந்து வென்றபோது, மேடையில் கோப்பையைத் தூக்கக்கூட அவர் கைகளில் வலுவில்லை. தோளுக்கு மேலே அதை ஒரு கணம் உயர்த்துவதற்குள் முகம் வலியில் சுருங்கியது. விலைவாசி நாளுக்கு நாள் ஏறி, அரசின்மீது நம்பிக்கை இழந்திருந்த ஒரு மக்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வெற்றி என்ற ஒன்று அவர் வழியாகத்தான் வந்தது. சே, பகத் சிங் போன்றோரிடமும் மக்கள் தங்கள் மானத்தைத்தான் ஒப்படைத்திருந்தார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவர் பாதியில் இறக்கும்போது, அதைத் திரும்பப் பெற ஆள் இல்லாமல் போகிறது. ராட்சன்பெர்கரிடம் அப்படி எதையும் ஒப்படைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்.

ஆனால் சென்னா அவரை மறக்கவில்லை. விபத்து நடந்த இடத்துக்கே சனிக்கிழமை நேரில் சென்று பார்த்தார். ஓட்டுநர்களின் பாதுகாப்புக்கான சங்கத்தை மீண்டும் தொடங்குவது பற்றி ஞாயிறு காலை மற்ற ஓட்டுநர்களோடு பேசினார். அந்தச் சங்கம் அடுத்த பந்தயத்தின்போது மொனாக்கோவில் உயிர்பெற்றது. தம்புரெல்லோவின் வேகத்தையும் பின்னர் மாற்றியமைத்துக் குறைத்தார்கள். சென்னாவின் நொறுங்கிய காருக்குள் மடித்துவைத்த ஆஸ்திரியக் கொடி ஒன்று கிடைத்தது. வென்றபின் ராட்சன்பெர்கருக்காக அவர் அதை விரிக்க இருந்தார்.

நெடுந்தடம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. கொடியைப் பற்றி முன்பே படித்திருந்தும், அது யாருக்காக எடுத்துவரப்பட்டது என்பதை நான் இத்தனை ஆண்டுகளாக ஊன்றி நினைத்ததில்லை. சென்னாவின் இறுதிச் சடங்கில் உலகமே கூடியபோது, பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி அங்கே போகாமல் சால்ஸ்பர்க்கில் நடந்த ராட்சன்பெர்கரின் சடங்குக்குப் போனார் என்பதும் இன்றுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் ஏப்ரல் 30 அன்றே தொடங்குவேன். அந்தப் பருவத்தில் ஜப்பானின் ஐடா தடத்தில் ராட்சன்பெர்கர் பதினோராவதாக முடித்த பந்தயத்தைத் தேடி வைத்திருக்கிறேன்.