புது ஹெட்போனை 200 மணி நேரம் ஓடவிட்டால்தான் நன்றாகப் பாடுமா?

புதுச்செவி, மாரத்தஹள்ளி:
வணக்கம். சனிக்கிழமை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 9,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன், காதை முழுக்க மூடும் வகை. பாட்டில் ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. பேஸ் சோகையாக இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், “புதுசு அப்படித்தான் இருக்கும். பிங்க் நாய்ஸ் என்று ஒரு சீரான இரைச்சல் இருக்கிறது, அதைப் போட்டு 200 மணி நேரம் ஓடவிடுங்கள், அப்புறம் பாருங்கள்” என்கிறார். மாற்றித் தர 7 நாள்தான் கெடு. ஓடவிட்டால் உண்மையிலேயே மாறுமா?

மல்லேஸ்வரம் மிருதங்கம்:
மாறும், தம்பி. அவசரப்படாதீர்கள். புதிதாக வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, மாற்றிய மிருதங்கத்தை அன்றைக்கே கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டோம். வாசிக்க வாசிக்கத்தான் நாதம் திறக்கும். ஹெட்போனுக்குள்ளும் ஒரு படலம்தானே அதிர்கிறது? போன வருடம் நான் வாங்கியதில் முதல் வாரம் சாப்பு தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. மூன்றாவது வாரம் அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன், இடப்பக்கத் தொப்பியின் கும்கி நாதம் உருண்டு வந்தது. 22 வருடமாக வாசிக்கிறேன். என் காது சொல்வதை நான் நம்புகிறேன்.

சர்க்யூட் சாமி, பீன்யா:
அண்ணா, உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் தோலும் இதுவும் ஒன்றல்ல. தோல் ஈரத்தை இழுக்கும், வாரின் இறுக்கத்துக்கு நீளும். ஹெட்போன் படலம் பெரும்பாலும் மெல்லிய பாலியெஸ்டர் தாள்.

நீங்கள் சொல்வது பெரிய ஸ்பீக்கரில் பேஸ் தரும் ஊஃபருக்குப் பொருந்தும். கூம்பின் அடியில் ஸ்பைடர் என்று பிசின் ஏற்றிய ஒரு மடிப்புத் துணி இருக்கும். முதல் தடவை நன்றாக அசையும்போது அது கொஞ்சம் தளரும், கூம்பு இயல்பாக அதிரும் ஒத்ததிர்வெண்ணும் சற்றுக் கீழே இறங்கும். இதை நானே வேலையில் அளந்திருக்கிறேன். அதுவும் பெரும்பகுதி ஆரம்ப நிமிடங்களிலேயே முடிந்துவிடும். ஹெட்போனின் டிரைவரில், அதாவது ஒலியெழுப்பும் குட்டி ஸ்பீக்கரில், அந்த ஸ்பைடரே கிடையாது.

2011-இல் ஹெட்போன்களை அளந்து விமர்சிக்கும் இன்னர்ஃபிடெலிட்டி தளத்தில் டில் ஹெர்ட்சன்ஸ் ஒரு புது ஏகேஜி க்யூ701 ஹெட்போனைக் கருவியில் மாட்டி, ஓடவிட்டு, விட்டுவிட்டு அளந்தார். மாற்றம் தென்பட்டது, ஆனால் மிகச் சிறியது.

மல்லேஸ்வரம் மிருதங்கம்:
சிறியதோ பெரியதோ, தென்பட்டதா இல்லையா? அதைத்தானே நான் சொல்கிறேன்.

சர்க்யூட் சாமி, பீன்யா:
தென்பட்டது. ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். காதை மூடும் கோப்பை நாலு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார்ந்தாலே மேல் அதிர்வெண்களில் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். மூன்று வார இடைவெளியில் நீங்கள் எத்தனை முறை கழற்றி மாட்டியிருப்பீர்கள்? முதல் நாள் வைத்த அதே சத்தத்தில்தான் கேட்டீர்களா? சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே நமக்கு ‘சத்தம் கூடியது’ என்று தோன்றாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும்.

அல்சூர்க்காரி:
இரண்டு பேரும் டிரைவரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னிடமும் தம்பியிடமும் ஒரே மாடல் ஹெட்போன். அவன் நாலு மாதமாகத் தினமும் பையப்பனஹள்ளியிலிருந்து மெட்ரோவில் மாட்டிக்கொண்டு போவான். என்னுடையது அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அவனுடையதில் பேஸ் நிறைவு, என்னுடையதில் மேலே கூர்மை. சரி, ஓடி ஓடிப் பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் இயர்பேடை, காதைச் சுற்றி உட்காரும் மெத்தையை, கவனித்தேன். அவனுடையது அமுங்கி, தாடை எலும்பின் வளைவுக்கேற்ப ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என்னுடையது புதுத் தலையணை மாதிரி விறைப்பாக இருந்தது, காதுக்குக் கீழே விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டு ஜோடியையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினோம். நிறைவான பேஸ் என் புது ஹெட்போனுக்கு வந்துவிட்டது, கூர்மை அவனுடையதற்குப் போய்விட்டது! டிரைவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, பேடோடு ஒலி நகர்ந்தது.

அதோடு விடவில்லை. ஒரே பேடை இரண்டிலும் மாற்றி மாட்டி, சத்தத்தைச் சமன் செய்து, நான் கண்ணை மூடிக்கொள்ள அவன் என் தலையில் வைத்தான். எது யாருடையது என்று 16 தடவையில் 9 தடவை சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டினாலே 8 வரும்.

மல்லேஸ்வரம் மிருதங்கம்:
அருமையான சோதனை, அம்மா. மனதாரச் சொல்கிறேன். ஆனால் இது என் பக்கத்துக்கும் சாட்சி. படலமோ மெத்தையோ, உழைக்க உழைக்க ஒலி மாறியதா? மாறியது. புது தோசைக்கல்லைப் பழக்குகிறோம், இரும்பு மாறிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை, தோசை எழும்புகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அல்சூர்க்காரி:
ஒப்புக்கொள்கிறேன், சார். ஆனால் எது பழகுகிறது என்பதைப் பொறுத்துத்தானே என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது? மேசைமேல் வைத்து 200 மணி நேரம் இரைச்சல் ஓடவிட்டால் பேடு ஒரு நூல்கூட அமுங்காது. அது தலையின் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் இளகும். கடைக்காரர் சொன்ன வைத்தியம் தவறான இடத்துக்கு.

சர்க்யூட் சாமி, பீன்யா:
சத்தத்தை அதிகம் வைத்து நாள்கணக்கில் ஓடவிட்டால் வாய்ஸ் காயில், அதாவது படலத்தை அசைக்கும் கம்பிச்சுருள், சூடாகிக் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

கோரமங்களா குரல்:
இதில் யாரும் தொடாத ஒன்று. 200 மணி நேரம் என்றால் இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் 8 நாள் 8 மணி நேரம். கெடு 7 நாள். இரண்டு வருடம் முன்பு எனக்கு நடந்தது இதுதான். வலது பக்கம் கீழ் சுரங்களில் கரகரவென்றது. ஒரு கடையில் இதே வார்த்தை: “ஓடவிடுங்கள், சரியாகிவிடும்.” நம்பினேன். பத்தாம் நாள் எடுத்துப் போனபோது பில்லில் தேதியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். கரகரப்பு பழுது. பழுது ஓடி ஓடிச் சரியாகாது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது. புதுச்செவி, உங்கள் கெடு தாண்டுவதற்குள் முடிவெடுங்கள்.

அல்சூர்க்காரி:
புதுச்செவி, கண்ணாடி போடுவீர்களா? அதே பாட்டைப் போட்டு, இரண்டு கோப்பையையும் உள்ளங்கையால் மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். என்ன ஆகிறது?

புதுச்செவி, மாரத்தஹள்ளி:
போடுகிறேன், தடித்த பிரேம். இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். பேஸ் திபுதிபுவென்று ஏறுகிறது! கையை எடுத்தால் போய்விடுகிறது. கண்ணாடியைக் கழற்றிக் கேட்டால் பாதிக்குமேல் அப்படியே நிற்கிறது. கரகரப்பு எதுவும் இல்லை. ‘ச’ குத்துவது மட்டும் அழுத்தினாலும் குறையவில்லை.

சர்க்யூட் சாமி, பீன்யா:
அப்படியானால் பேஸ் கசிவது கண்ணாடிக் காம்பு வழியாக. ‘ச’ அந்த மாடலின் இயல்பாக இருக்கலாம். 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை ஈக்வலைசரில் 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

மல்லேஸ்வரம் மிருதங்கம்:
தம்பி, தினம் இரண்டு மணி நேரம் தலையில் மாட்டிக் கேளுங்கள், மேசைமேல் வேண்டாம். அந்த அம்மா சொன்னது நியாயம். ஆனாலும் படலமும் கொஞ்சம் இளகும் என்பதில் நான் மாறவில்லை. மல்லேஸ்வரம் பக்கம் வந்தால் என்னுடையதையும் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

புதுச்செவி, மாரத்தஹள்ளி:
நன்றி, எல்லோருக்கும். பிங்க் நாய்ஸை நிறுத்திவிட்டேன். இன்று செவ்வாய். வியாழன் வரை மெல்லிய பிரேம் உள்ள பழைய கண்ணாடியோடு கேட்கிறேன். அப்போதும் ‘ச’ குத்தினால் வெள்ளிக்கிழமை காலையே பில்லோடு எஸ்.பி. ரோட்டில் நிற்பேன்.